புரத வடிவமைப்பில் போஸ்ட்டாக்: கணினியா, பெஞ்சா, இரண்டுமா?

2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கும், மீதிப் பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனதிலிருந்து புரத வடிவமைப்பில், அதாவது நமக்கு வேண்டிய புதிய புரதங்களைக் கணினியில் உருவாக்கும் துறையில், போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போக ஆசைப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள். பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் பெரும்பாலும் "எந்த லேப் நல்ல லேப்?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கணினி முன்னால் மட்டும் உட்காரப் போகிறீர்களா, பெஞ்சில் (சோதனை செய்யும் ஆய்வக மேஜையில்) மட்டும் நிற்கப் போகிறீர்களா, இல்லை நீங்கள் வடிவமைத்த புரதத்தை நீங்களே செய்தும் பார்க்கப் போகிறீர்களா? இந்த மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் எந்த ஊர், எந்த மாதிரி லேப் என்பதற்கு வருகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதுதான் சரி. அப்படிச் செய்ய விடாத லேப், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாம் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடலாம். செல்லில் சமிக்ஞையைப் பெறும் ஒரு ஏற்பியின் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறிய புரதம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆர்எஃப்டிஃப்யூஷன் என்ற ஏஐ நிரல் வெறும் இரைச்சலிலிருந்து, அதாவது ஒழுங்கற்ற புள்ளிகளிலிருந்து தொடங்கி, அந்த இடத்துக்குப் பொருந்தும் முதுகெலும்புச் சட்டகத்தைப் படிப்படியாக உருவாக்குகிறது. அந்தச் சட்டகமாக மடியக்கூடிய அமினோ அமில வரிசையை புரோட்டீன்எம்பிஎன்என் என்ற இன்னொரு நிரல் எழுதுகிறது. அந்த வரிசையை மட்டும், வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2-க்குக் கொடுத்து, நாம் நினைத்த வடிவத்துக்கே திரும்பி வருகிறதா என்று பார்க்கிறோம், வராதவை கழிந்துவிடும். மிஞ்சியவற்றுக்கான மரபணுக்களை ஆர்டர் செய்து, ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டு வளர்த்து, புரதத்தை நிக்கல் ரெசினில் பிடித்துச் சுத்திகரித்து, அளவுப்படி பிரிக்கும் சைஸ் எக்ஸ்க்ளூஷனில் ஓட்டி, ஒற்றையாக வருகிறதா கட்டி கட்டியாகத் திரள்கிறதா என்று பார்த்து, சிடி என்ற ஒளி அளவீட்டில் மடிப்பையும் பிஎல்ஐ அல்லது எஸ்பிஆர் என்ற கருவியில் பிணைப்பையும் அளக்கிறோம். நன்றாக இருப்பதைப் படிகமாக்கியோ கிரையோ-இஎம் என்ற உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோ அமைப்பைத் தீர்க்கிறோம்.

இந்த முழுச் சங்கிலியையும் ஒரே ஆள் செய்ய முடியுமா என்றால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை ரொம்பக் கஷ்டம். 2022-ல் பேக்கர் குழு வெளியிட்ட கட்டுரை, இலக்குப் புரதத்தின் அமைப்பை மட்டும் வைத்தே பைண்டர் (இலக்கில் ஒட்டிக்கொள்ளும் புரதம்) செய்யலாம் என்று காட்டியது; ஆனால் ஒவ்வொரு இலக்குக்கும் பல்லாயிரம் டிசைன்களை ஈஸ்ட் டிஸ்ப்ளேயில் (ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் வைத்துச் சோதிக்கும் முறை) போட்டுச் சலிக்க வேண்டியிருந்தது, தேறியவை பல இலக்குகளில் 1 சதவீதத்துக்கும் கீழே. அதற்கு செல்களைப் பிரித்தெடுக்கும் செல் சார்ட்டர் வேண்டும், பெரிய டிஎன்ஏ நூலகம் வாங்கப் பணம் வேண்டும், கூட நிற்க ஆள் வேண்டும். அடுத்த ஆண்டே ஆர்எஃப்டிஃப்யூஷன் வந்தபோது, இலக்குக்கு நூற்றுக்கும் குறைவான டிசைன்களைச் சோதித்து, மொத்தத்தில் கிட்டத்தட்ட 19 சதவீதம் தேறியது. அப்புறம் சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஈபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தின் புரூனோ கொரெயா குழுவும் எம்ஐடியின் செர்கெய் ஓவ்சின்னிகோவும் சேர்ந்து செய்த பைண்ட்கிராஃப்ட் என்ற நிரல் வந்தது. அதில் இலக்கைப் பொறுத்து 10 முதல் 100 சதவீதம் வரை. பல்லாயிரம் என்பது சில டஜனாகச் சுருங்கிவிட்டது. சில டஜன் என்றால் ஒரு 96 குழித் தட்டு, ஒரு ஆள், சில வாரங்கள். இந்த எண் மாற்றத்தைத்தான் போஸ்ட்டாக் தேடுகிறவர்கள் உள்வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணினி ஒருவர், பெஞ்ச் ஒருவர் என்று வேலையைப் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம், பைண்டர் மாதிரியான வேலைகளிலாவது, போய்விட்டது.

சரி, முதல் வழி: கணினி மட்டும். இங்கே இரண்டு வகை இருக்கிறது, விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று, புதிய மாடல்களையே உருவாக்குவது. இன்னொன்று, இருக்கிற மாடல்களை ஓட்டி மற்றவர்களுக்கு டிசைன் எடுத்துக் கொடுப்பது. இரண்டாவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்எஃப்டிஃப்யூஷன், புரோட்டீன்எம்பிஎன்என், பைண்ட்கிராஃப்ட் எல்லாவற்றின் நிரலும் இலவசமாகவே கிடைக்கிறது, கூகுளின் கோலாபில் திறந்து ஓட்டலாம், ஆர்வமுள்ள எம்எஸ்சி மாணவர் ஒருவர் சில வாரங்களில் பழகிவிடுவார். அதை மட்டும் வைத்து மூன்று வருஷம் கழித்து வேலை தேடினால் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஏராளமாக இருப்பார்கள்.

புதிய மாடல் செய்வது வேறு விஷயம், உண்மையிலேயே பெரிய வேலை. கணிதமும் மெஷின் லேர்னிங்கும் கையில் இருந்து, ஒரு டிஃப்யூஷன் மாடலை ஆரம்பத்திலிருந்து எழுதிப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவராக இருந்தால் தயங்காமல் போங்கள். ரசாயனம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த ஊரிலும் செய்யலாம், நிறுவனங்களில் சம்பளமும் அதிகம். ஆனால் யாரோடு ஓடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு ஓடுங்கள். ஐசோமார்ஃபிக் லேப்ஸ், ஜெனரேட் பயோமெடிசின்ஸ், 2024-ல் 100 கோடி டாலருக்கு மேல் முதலீட்டோடு தொடங்கிய ஸைரா ஆகிய நிறுவனங்கள் எல்லோரும் அதே மைதானத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் இருக்கிற ஜிபியு (ஏஐ கணக்குகளை ஓட்டும் சிப்) எண்ணிக்கை எந்தப் பல்கலைக்கழக லேபிலும் இருக்காது. வேகமும் அப்படி. ஆர்எஃப்டிஃப்யூஷன் கட்டுரை 2023 ஜூலையில் நேச்சர் இதழில் வந்தது. 2024-ல் சிறு மூலக்கூறுகளையும் கையாளும் பதிப்பு வந்துவிட்டது, 2025-ல் நொதிகளுக்கான இரண்டாம் பதிப்பு. இரண்டு வருஷம் உழைத்துச் செய்த முறை வெளியாகும் மாதத்திலேயே பழையதாகலாம். இன்னொன்று, உங்கள் டிசைன்களைச் சோதித்துப் பார்க்கக் கூட்டாளி லேபின் கையை எதிர்பார்க்க வேண்டும், அவர்களுக்கு உங்கள் புரதம் பத்தோடு பதினொன்று. கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் சோதனை முடிவு எங்கே என்று கேட்பார்கள், நீங்கள் மின்னஞ்சல் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

இரண்டாவது வழி, பெஞ்ச் மட்டும். ஏஐ வந்துவிட்டது, இனிமேல் பெஞ்சுக்கு என்ன மதிப்பு என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆல்ஃபாஃபோல்ட் கற்றுக்கொண்டதே 1971-ல் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்துதான். அதில் இருக்கிற 2 லட்சத்துக்கும் அதிகமான அமைப்புகள் ஒவ்வொன்றும் யாரோ சிலர் பெஞ்சில் நின்று சோதனை செய்து தீர்த்துப் போட்டது. டிசைன் மலிவானதால், அதைச் சோதிக்கத் தெரிந்தவரின் மதிப்பு இப்போது கூடத்தான் செய்திருக்கிறது.

ஆனாலும் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாக வடிவமைத்த புரதங்கள் பெரும்பாலும் பிடிவாதமான நிலைத்தன்மை உடையவை, 95 டிகிரி வரை சூடாக்கினாலும் மடிப்புக் கலையாதவை நிறைய. ஈ.கோலையில் லிட்டர் கணக்கில் வளர்த்து சுத்திகரிப்பது இயற்கைப் புரதங்களோடு ஒப்பிட்டால் சுலபம். அதனால் "நூறு டிசைனைச் சுத்திகரித்துப் பிஎல்ஐ ஓட்டுவது" மட்டுமே வேலையாக இருந்தால், நீங்கள் ஒரு சேவை மையமாகி, எல்லாக் கட்டுரையிலும் ஏழாவது எட்டாவது பெயராக வந்து போவீர்கள். பெஞ்ச் மட்டும் போதும் என்றால் அளவீடே கடினமாக இருக்கிற இடமாகப் பாருங்கள்: நொதி, சவ்வுப் புரதம், செல்லுக்குள் சமிக்ஞை மாற்றும் புரதம் இப்படி.

நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் ரெட்ரோ-ஆல்டால் நொதிகளும் கெம்ப் எலிமினேஸ் நொதிகளும் கணினியில் வடிவமைக்கப்பட்டு வந்தபோது பெரிய பரபரப்பு. ஆனால் அவற்றின் வேகம் இயற்கை நொதிகளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை; கெம்ப் எலிமினேஸ் ஒன்றை ஆய்வகப் பரிணாம முறையில் மாற்றி மாற்றித்தான் 200 மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள். அந்தப் பரிணாமச் சுற்றுகளில் எந்த மாற்றம் ஏன் உதவியது என்று அமைப்பும் இயக்கவியலும் பார்த்து எழுதியவர்களால்தான் டிசைன் முறையில் என்ன குறை என்பதே தெரிந்தது. 2025-ல் வந்த செரின் ஹைட்ரோலேஸ் என்ற நொதி வகை டிசைன்களிலும், வினையின் ஒவ்வொரு படிநிலைக்கும் வினைமையம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று சலித்தெடுத்ததுதான் முக்கியமான படி. எந்தப் படிநிலையில் பழைய டிசைன்கள் சிக்கிக்கொண்டன என்பதைப் பெஞ்சில்தான் கண்டுபிடிக்க முடியும். இப்படிப்பட்ட லேபில் பெஞ்ச் மட்டும் செய்தாலும் நீங்கள் சிந்திக்கிற ஆளாகவே இருப்பீர்கள்.

இப்போது மூன்றாவது. இந்தத் துறையின் ஆரம்பகாலப் பெரிய வெற்றிகளில் ஒன்றே இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு போஸ்ட்டாக்கால் வந்தது. டாப்7 என்ற 93 அமினோ அமிலப் புரதம், இயற்கையில் அதுவரை பார்த்திராத மடிப்பு, 2003-ல் சயன்ஸ் இதழில் வந்தது. பிரையன் குல்மன் பேக்கர் லேபில் போஸ்ட்டாக்காக இருந்தபோது செய்த வேலை. அவருடைய பிஎச்டி சோதனைவழிப் புரத மடிப்பு ஆய்வு. கணினி வேலைக்குள் வந்தது அதற்கப்புறம்தான். டிசைன் செய்த வடிவத்துக்கும் படிக அமைப்புக்கும் இடையே வித்தியாசம் ஏறத்தாழ 1.2 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஓர் அணுவின் அளவுதான். அதிலிருந்து வட கரோலினாவில் தனி லேப், இன்றுவரை கணினியும் பெஞ்சும் ஒன்றாகவே நடக்கிறது.

இன்னும் பின்னால் போனால் நம் ஊரிலேயே இருக்கிறது. புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று காட்டும் படத்தை மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் 1963-ல் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்டார்கள். எந்த டிசைனையும் எந்தப் படிக அமைப்பையும் இன்றும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறோம். அந்தக் கணக்கு அந்தரத்தில் பிறக்கவில்லை. கொலாஜன் இழைகளின் எக்ஸ்ரே படங்களோடு அதே குழு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியபோது, அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி எழுந்து, அதிலிருந்து வந்தது. அளக்கிறவரும் கணக்குப் போடுகிறவரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

இரண்டையும் செய்கிறவருக்குக் கிடைப்பது என்ன? தோற்ற டிசைன்கள் எப்படித் தோற்றன என்ற அறிவு. ஆல்ஃபாஃபோல்ட் தரும் நம்பிக்கை மதிப்பெண் நூற்றுக்கு 90-க்கு மேல் இருந்தும் திரள்கிற புரதம் இருக்கும். பிஎல்ஐயில் அழகாக ஒட்டும், ஆனால் சம்பந்தமில்லாத புரதத்தோடும் அதே அளவு ஒட்டும், அதாவது பிசுபிசுப்பு, பிணைப்பு இல்லை. சைஸ் எக்ஸ்க்ளூஷனில் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே இறங்கும், இரட்டையாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் எக்செல் ஷீட்டில் "தோல்வி" என்ற ஒரே சொல்லாகக் கணினிக்காரருக்குப் போய்ச் சேரும். நீங்களே ஜெல்லை (புரதம் சரியாக வந்ததா என்று காட்டும் சோதனை) பார்த்திருந்தால் அடுத்த சுற்றில் மேற்பரப்பில் நீர்வெறுப்பு அமினோ அமிலங்களைக் குறைப்பீர்கள், இலக்கில் வேறு இடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள், சலிக்கும் அளவுகோலையே மாற்றுவீர்கள். வீட்டுக்கு வரைபடம் போட்டவரே மழைக்காலத்தில் அந்த வீட்டில் குடியிருந்தால் அடுத்த வரைபடம் எப்படி மாறுமோ அப்படி.

விலையும் உண்டு. முதல் வருஷம் கண்ணுக்குத் தெரிகிற முடிவு குறைவாகவே இருக்கும். கணினியில் உங்களைவிட வேகமானவரும், பெஞ்சில் உங்களைவிடக் கைதேர்ந்தவரும் அதே லேபில் இருப்பார்கள், அவர்கள் முதலில் கட்டுரை போடுவார்கள், மனது சோர்ந்து போகும். இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிடும் ஆபத்து நிஜமானது. அதனால் இரண்டிலும் சம ஆழம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிஎச்டியில் எது ஆழமோ அதை விடாமல் வைத்துக்கொண்டு, மற்றதில் யார் உதவியும் இல்லாமல் ஒரு முழுச் சுற்றை நடத்தும் அளவுக்கு வர வேண்டும். பெஞ்சிலிருந்து வருகிறவருக்கு அது பைத்தான், லினக்ஸ், ஒரு மாடலின் நிரலைத் திறந்து இழப்புச் சார்பில் (மாடல் தன் தவறை அளக்கும் கணக்கில்) கை வைக்கும் துணிவு. கணினியிலிருந்து வருகிறவருக்கு அது குளோனிங் (மரபணுவை பாக்டீரியாவுக்குள் சேர்ப்பது), சுத்திகரிப்பு, ஒரு பிணைப்பு அளவீட்டைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளோடு நம்பும்படி செய்வது. இரண்டாவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஆகவே கணினிக்காரர்கள் முதல் மாதத்திலிருந்தே பெஞ்சுக்குப் போக வேண்டும். "டிசைன் தயாரானதும் போகிறேன்" என்று தள்ளினால் போகவே மாட்டீர்கள்.

இனி இடம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புரத வடிவமைப்பு நிறுவனம், 2012-ல் தொடங்கியது, இந்தத் துறையின் தலைநகரம் என்றே சொல்லலாம். தென்கொரியாவில் 2022-ல் அனுமதி பெற்ற ஸ்கைகோவியோன் கொரோனா தடுப்பூசியின் நுண்துகள் அங்கே வடிவமைத்ததுதான். அங்கே போனால் கருவிகள் வெளியாகும் முன்பே கைக்கு வரும், எந்தச் சந்தேகத்துக்கும் பக்கத்து மேஜையில் பதில் கிடைக்கும். பேக்கரிடம் பயின்றவர்கள் உலகம் முழுக்க லேப் வைத்திருக்கிறார்கள், அந்த வலையில் நீங்களும் ஒருவர். மறுபக்கம், கூட்டம். ஒரே இலக்கில் இரண்டு மூன்று பேர் இருக்கலாம், பெரிய கட்டுரைகளில் பல பேர் சமபங்கு முதல் ஆசிரியர்களாக வருவார்கள், பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எது உங்கள் கை என்று விளக்க வேண்டியிருக்கும். கூச்ச சுபாவமுள்ளவர், ஒரு கேள்வியை மூலையில் உட்கார்ந்து நிதானமாகப் பிடித்துக்கொண்டு போகிறவர், இங்கே தொலைந்து போக வாய்ப்பு அதிகம். ஓடிப்போய்ப் பேசிக் கலக்கிறவர் பூத்துக் குலுங்குவார்.

அமெரிக்கா என்பதால் விசா, பணம் இரண்டையும் பேசியாக வேண்டும். போஸ்ட்டாக்குகள் பெரும்பாலும் ஜே-1 விசாவில்தான் போகிறார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கிவிட்டதால், அந்தப் பட்டியலால் வந்த இரண்டு வருஷம் ஊர் திரும்பும் கட்டாயம் பலருக்கு இல்லாமல் போய்விட்டது. ஆனால் ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அது இன்னும் உண்டு. எச்-1பி வேலை விசா பக்கம் நிலைமை எதிர்மாறாகப் போனது: 2025 செப்டம்பர் அறிவிப்பின்படி வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் வந்தது. இதைப் பல்கலைக்கழகம் தலையில் கட்டிக்கொள்ளுமா என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் நிர்ணயித்த தொடக்கநிலை போஸ்ட்டாக் உதவித்தொகை 2024-ல் ஆண்டுக்கு 61,008 டாலர். சியாட்டில், சான்பிரான்சிஸ்கோ, பாஸ்டன் வாடகையில் குடும்பத்தோடு இருப்பவருக்கு அது இறுக்கம்தான். என்ஐஎச்சின் எஃப்32 ஃபெலோஷிப் வெளிநாட்டவருக்குக் கிடையாது, போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியராக உதவும் கே99 மானியம் உண்டு. அமெரிக்க அரசு ஆய்வு நிதியில் 2025-ல் நடந்த குழப்பங்களுக்குப் பிறகு, உங்கள் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஐரோப்பாவின் நடுத்தர லேப்கள் எனக்கு அதிகம் பிடித்தவை. லோசானில் கொரெயா, பிரிஸ்டலில் டெக் வுல்ஃப்சன், பைராய்ட்டில் பிர்டே ஹோக்கர் என்று, கணினியும் பெஞ்சும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற குழுக்கள் இவை. இஸ்ரேலின் வைஸ்மனில் சரெல் ஃப்ளைஷ்மனும் அப்படித்தான். அவர் குழுவின் பிராஸ் என்ற முறை, மலேரியா தடுப்பூசிக்கான ஆர்எச்5 புரதத்தை ஈ.கோலையிலேயே தயாரிக்கும் அளவுக்கு நிலைப்படுத்தியது. சுவிட்சர்லாந்தில் போஸ்ட்டாக் சம்பளம் ஆண்டுக்கு 80 ஆயிரம் ஃபிராங்குக்கு மேல், செலவும் அதற்கேற்றபடி.

ஐரோப்பாவை நான் முன்னால் வைப்பதற்கு முக்கியக் காரணம், சொந்த ஃபெலோஷிப். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்குப் பிஎச்டி முடித்து 8 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம், போகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது, முக்கிய நிபந்தனைகள் இவைதான். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் எச்எஃப்எஸ்பி ஃபெலோஷிப் மூன்று ஆண்டு தருகிறது, அதில் இயற்பியல், கணிதம், கணினியிலிருந்து உயிரியலுக்கு வருகிறவர்களுக்கென்றே தனிப் பிரிவு. பழைய துறையிலிருந்து விலகிப் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்வதுதான் அங்கே பலம், ஆக இரண்டையும் செய்யப் போகிறவருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. உங்கள் பெயரில் பணம் வந்துவிட்டால், "நீ கணினி மட்டும் பார், பெஞ்சை அவர் பார்ப்பார்" என்று யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாது. திட்டத்தில் இரண்டும் எழுதியிருக்கும்.

இந்தியாவில் இருந்துகொண்டே செய்யலாமா? முன்பு யாராவது கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன், இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் ராகவன் வரதராஜன் குழு புரதங்களைத் திருத்தி வடிவமைத்து, வெப்பம் தாங்கும் கொரோனா தடுப்பூசிப் புரதம் வரை கொண்டுவந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் மைக்கேல் குரோமிஹா, புனே ஐசரில் எம். எஸ். மதுசூதன் எனக் கணினிப் பக்கம் நல்ல குழுக்கள் இருக்கின்றன. பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் கிரையோ-இஎம் வசதி இருக்கிறது. புதிதாகப் புரதம் வடிவமைப்பதையே முழுநேரமாகச் செய்யும் லேப் குறைவு, அது உண்மை. ஆனால் டிசைன் நிரல்கள் எல்லாம் திறந்து கிடப்பதால், நல்ல ஜிபியு ஒன்றிரண்டு இருந்தால், அளவீட்டில் கெட்டியான ஒரு பெஞ்ச் லேபில் சேர்ந்து டிசைனை நீங்களே கொண்டுவர முடியும்.

ஒரு உதாரணம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2025 ஜனவரியில் நேச்சரில் வந்த கட்டுரை ஒன்றில், நாகப்பாம்பு வகை விஷத்தில் இருக்கிற மூவிரல் நச்சுப்புரதங்களைப் பிடித்து முடக்கும் சிறு புரதங்களை வடிவமைத்து, எலிகளைக் காப்பாற்றிக் காட்டினார்கள். பாம்புக்கடியால் உலகில் அதிகம் பேர் சாவது இந்தியாவில். இங்கே விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவது சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஐஐஎஸ்சியில் கார்த்திக் சுனகர் குழு ஊருக்கு ஊர் விஷம் எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்தில் நச்சு வேறு குடும்பம், உலோகப் புரோட்டியேஸ், பாஸ்போலிபேஸ் என்று. அவற்றுக்கு எதிரான டிசைன்களை இங்கே, இந்த ஊர் விஷத்திலேயே சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? கேள்வி இங்கே இருந்தால் ஆளும் இங்கே இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தடைகளையும் சொல்ல வேண்டும். ஆர்டர் செய்த ரெசினும் நொதியும் மரபணுவும் வந்து சேரும் நாள்கள் இங்கே அதிகம், சுங்கத்தில் வேறு காத்துக்கிடக்கும். 2025 ஜூனில் ஆய்வுக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, நிறுவன இயக்குநர்களே ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்துக்கு வெளியே வாங்க அனுமதித்திருக்கிறார்கள். சேர நினைக்கும் நிறுவனத்தில் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று அங்கே இருக்கிற மாணவரைக் கேளுங்கள், அதிகாரியைக் கேட்க வேண்டாம். இந்திய அரசின் தேசியப் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. பிஎச்டி நீண்டுபோனவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

தனியார் கம்பெனி வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பணமும் வேகமும் வேண்டுமென்றால் நல்ல வழி, சோதனைச் சுற்று அங்கே பல லேப்களைவிட வேகமாக ஓடும். பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும், என்னென்ன வெளியிட விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நேர்காணலில் பிஐயிடம் (லேபின் தலைவரிடம்) மட்டுமல்லாமல் லேபில் இருக்கிறவர்களிடமும், முக்கியமாக அங்கிருந்து போய்விட்டவர்களிடமும் கேட்க வேண்டியவை. டிசைன் முடிந்த நாளிலிருந்து முதல் ஜெல் பார்க்கும் நாள் வரை எத்தனை வாரம்? ஆறு வாரத்துக்குள் என்றால் நல்ல லேப், நாலு மாதம் என்றால் ஏன் என்று தோண்டுங்கள். மரபணு ஆர்டர் பொத்தானை யார் அழுத்துகிறார், ஒவ்வொரு முறையும் அனுமதி வேண்டுமா? டிசைன் ஒருவர் சோதனை ஒருவர் என்றால் முதல் பெயர் யாருக்கு, அதை எப்போது முடிவு செய்கிறார்கள்? தோற்ற டிசைன்களின் தரவு எங்கே இருக்கிறது, எல்லோரும் பார்க்கலாமா? இந்தக் கேள்விக்கு "அதையெல்லாம் வைப்பதில்லை" என்று பதில் வந்தால் எனக்கு அந்த லேபில் ஆர்வம் போய்விடும். போகும்போது எந்தத் திட்டத்தைக் கையோடு எடுத்துப் போகலாம்? கணினிக்காரர்கள் பெஞ்சில் நின்றால் அங்கே விநோதமாகப் பார்க்கிறார்களா, மதிய உணவு வேளையில் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

மேரி கியூரி கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சிலேயே பிஐக்கு எழுதினால்தான் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் எழுத நேரம் இருக்கும். ஐந்து பேருக்கு எழுதுங்கள், ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். கடிதத்தோடு ஒரு பக்கம் போதும்: எந்த இலக்கு, ஏன் அது, எத்தனை டிசைன், எந்த அளவீட்டில் சோதிப்பீர்கள், ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் இரண்டாம் சுற்றில் எதை மாற்றுவீர்கள். அந்தக் கடைசி வரியை யோசித்து எழுதுங்கள், படிக்கிறவர் அதைத்தான் தேடுவார்.